சத்தத்தில் மட்டும் வந்த பேச்சு

என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது காபி. ஆனால் கடையில் நின்று அவர் காபி கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இருபத்து நாலு வருஷமாகக் கடையில் டீதான். கடைக்காரர் நிமிர்ந்து "என்ன வேணும்" என்று கேட்கிற நொடியில் வாயில் எது வருமோ அதைத்தான் அவர் வாங்குவார். க-வில் தொடங்குகிற சொல் அவருக்கு லேசில் வராது. இ-யில் தொடங்குவதும் அப்படித்தான். தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல நின்றுவிடும். நாங்கள் இறங்க வேண்டிய பஸ் நிறுத்தத்தின் பெயரும் க-வில்தான் தொடங்கும். அதனால் அதற்கு அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி, இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து வருவார். மகள் பிறந்தபோது நான் ஆசைப்பட்டு வைத்திருந்த பெயர் ஒன்று இருந்தது. அவர் சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து நின்று அதைச் சொல்லிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து தலையை ஆட்டினார். மகளுக்குப் பெயர் வைத்தது அவர் நாக்குதான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

சொல் சிக்கிக்கொண்டால் அவருடைய வலது கை தானாக மேலே எழும்பும். தோளுக்கு மேல் போய் நிற்கும், பிறகு உதறிக்கொண்டு இறங்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என்றோ ஒருநாள் கையை உதறியதும் சொல் வந்துவிட்டதாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். பிற்பாடு கையைத் தூக்கினாலும் சொல் வருவதில்லை, ஆனால் கை மட்டும் விடவில்லை. ஒருமுறை சாலையோரமாக நின்று என் தம்பியிடம் ஏதோ சொல்லப் போய்க் கை எழும்பிவிட்டது. போய்க்கொண்டிருந்த பஸ் நின்றது. கண்டக்டர், "ஏறுங்க சார், நடு ரோட்டுல நிறுத்திட்டு வேடிக்கை பார்க்கிறீங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் இவர் ஏறியே விட்டார். கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுச் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் என் தம்பி, "மாமா, கையைக் கீழ வைங்க, பஸ் வருது" என்று சொல்லாத நாள் குறைவு. இவரும் சிரிப்பார். சிரிப்புக்கு மட்டும் தடை ஏதும் இருந்ததில்லை.

கம்பெனியில் அவருக்குப் பெயர் கிக்கர். பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்புவதுபோலப் பேசுகிறவர் என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் வெளியே டீக்கடையில் வைத்த பெயர்; காரணம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் பெயரும் க-வில் தொடங்கியதால், "உன் பேர் என்ன" என்று யாராவது வேண்டுமென்றே கேட்பார்கள்.

அவருடைய அம்மா, என் மாமியார், சாகிறவரை ஒன்றையே நினைத்து மருகினார். மூன்று வயதில் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டான் என்று கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாராம். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குப் பேச்சு இப்படி ஆனது என்று அவருக்கு நினைப்பு. "நான் அடிச்ச அடிதான்மா" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கடவுள் மன்னிப்பார் அத்தை என்று மட்டும் சொல்வேன்.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டது அட்டைப்பெட்டி செய்கிற அந்தக் கம்பெனியில்தான். அப்போது நான் கட்டுக் கட்டுகிற பிரிவில் இருந்தேன். உள்ளே போனால் பக்கத்தில் இருப்பவர் தும்முவதுகூடக் கேட்காது. அட்டையை நெளிக்கிற மெஷின் ஒன்று, வெட்டுகிற மெஷின் நாலு, எல்லாம் சேர்ந்து தலைக்குள் இரும்பைக் கொட்டுவதுபோல இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரே ஒரு குரல் மட்டும் மணி மாதிரி கேட்கும். அது இவருடையது. அந்தச் சத்தத்துக்குள் இவருக்குத் திக்காது. ஒரு சொல் சிக்காது. கேலி பேசுவார், பாட்டுப் பாடுவார், என்னைப் பார்த்து, "கட்டுற கட்டு அவிழாம இருக்கணும், அப்பதான் நமக்கும் நல்லது" என்பார். ஒன்றரை வருஷம் அந்தச் சத்தத்தில்தான் பேசினோம். வெளியே வந்தால் அவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடப்பார். வெட்கம் என்று நினைத்தேன்.

பெண் கேட்டு வந்த நாளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா, "தம்பி எங்க வேலை பார்க்கிறீங்க" என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார். கை எழும்பியது. அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்பா உள்ளே வந்து என்னிடம் மெதுவாக, "ஏம்மா, கம்பெனியில பேசினேன்னு சொன்னியே, அது இவரோட அண்ணனா?" என்றார்.

"இவர்தாம்ப்பா. அங்க நல்லாப் பேசுவாரு."

"அப்ப நீ வாழ்க்கை முழுக்க மெஷினுக்குப் பக்கத்துலயா குடித்தனம் பண்ணப் போற?"

அப்பா கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிற்று. முக்கியமான எதையாவது அவர் சொல்ல வேண்டியிருந்தால் நான் சமையலறையில் மிக்ஸியை வெறுமனே ஓட விடுவேன். அவர் என் காதருகே வந்து கடகடவென்று சொல்லி முடித்துவிடுவார். பக்கத்து வீட்டு அக்கா, "உங்க வீட்டுல அப்படி என்னதான் அரைக்கிறீங்க, எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். இரண்டு மிக்ஸி எரிந்து போயிருக்கிறது.

இன்னொரு இடத்திலும் அவருக்குப் பேச்சு வரும். வாரம் ஒருநாள் நாங்கள் போகிற பிரார்த்தனைக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்கிற வேண்டுதல் உண்டு. அதில் அவர் குரல் ஒரு எழுத்துக்கூடப் பிசகாது. வீட்டிலும் நான் கூடவே சொன்னால் வரும், நான் நிறுத்தினால் நின்றுவிடும். கடவுள் தன்னிடம் பேசுவதற்கு மட்டும் வழி விட்டிருக்கிறார் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

கம்பெனிக்கு வருஷம் ஒருமுறை காது சோதிக்கிற வண்டி வரும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதில் வந்த அம்மா, வீட்டில் யாரையாவது அழைத்து வரச் சொன்னதால் நான் போனேன். கண்ணாடி போட்ட, நிதானமான பெண். சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருந்தார்.

"இவருக்குக் காது குறைஞ்சுக்கிட்டே வருது. அடைப்பான் குடுத்தா போட மாட்டேங்கிறார். ஏன்னு கேட்டா பதிலும் சொல்ல மாட்டேங்கிறார்" என்றார்.

எனக்குக் காரணம் தெரியும். காதில் அந்த ரப்பர் அடைப்பானை வைத்தால் மெஷின் சத்தம் குறைந்துவிடும். தன் குரல் மட்டும் மண்டைக்குள் முழங்கும். முழங்கினால் வாய் நின்றுவிடும். அதைச் சொன்னேன்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சத்தத்துல பேச்சு வருதா? கூடச் சேர்ந்து சொன்னாலும் வருமே?"

"வரும்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவர மாதிரி நிறையப் பேருக்கு அப்படித்தான்மா. பேசுறது வாய் மட்டும் இல்ல. மூளை வாய்க்கு உத்தரவு போடுது. அதே சமயம் காதுகிட்டயும், இப்படி ஒரு சத்தம் வரப் போகுது, பார்த்துக்கோன்னு சொல்லி வைக்குது. வந்தது சரியான்னு காது பார்த்துச் சொல்லணும். நமக்கு அது நடக்கிறதே தெரியாது. இவருக்கு அந்தப் போக்குவரத்துல ஒரு இமைப்பொழுது ஒத்துப் போகல. அப்படித்தான் படிச்சவங்க நினைக்கிறாங்க. முழுசா யாருக்கும் தெரியாது. தன் குரல் தனக்குக் கேட்கலன்னா, சரிபார்க்க ஒண்ணும் இல்ல, பேச்சு ஓடிடுது. பக்கத்துல இன்னொரு குரல் ஓடினா அதைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுது."

"சின்ன வயசுல அடிச்சதால வந்ததாம்மா?"

"அடியால வராது. பிறக்கும்போதே மூளைக்குள்ள இருக்கிற அமைப்பு. யார் மேலயும் தப்பு இல்ல."

என் மாமியார் இறந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

"இப்படியே விட்டா பத்து வருஷத்துல பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் கேட்காது" என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். இவர் தெருவில் நடந்து வரும்போது, லாரி ஒன்று போகிற நேரம் பார்த்து, "போனாப் போகட்டும்மா, காது போனா பேச்சாவது வரும்ல" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்தத்தில் அவர் குரல் இப்படி ஒலிப்பதால்தான் அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். அட்டை நெளிக்கிற மெஷின் ஒரு ரயில் பெட்டி நீளம். ஒரு முனையில் பட்டன். மறுமுனையில் பசைத் தொட்டி. பட்டனருகே நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. அதனால் நடுவில் ஒருவர் நின்று, மெஷினைக் கிளப்புமுன் மூன்று தடவை "கை எடு" என்று குரல் கொடுக்க வேண்டும். பசைத் தொட்டியில் இருப்பவர், "எடுத்தாச்சு" என்பார். அதைக் கேட்டபின் நடுவில் நிற்பவர் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்துவார்கள். முன்பு ஹாரன் இருந்தது. அது கெட்டுப் போனபோது, "கிக்கர் இருக்கும்போது ஹாரன் எதுக்கு, அவன் குரல் ரோடு வரைக்கும் கேட்குது" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வீட்டில் சொல்ல வராத க, அங்கே ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை வந்தது. அதில் அவருக்கு எவ்வளவு கர்வம் என்பது எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்குக் காலையில் பத்து மணிக்குக் கரண்ட் போனது. எல்லா மெஷினும் நின்றன. ஆட்கள் வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். உள்ளே இருந்தது மூன்று பேர். இவர், பட்டனருகே சூப்பர்வைசர், மறுமுனையில் பசை அக்கா. பதினாறு வருஷமாகப் பசைத் தொட்டியில் இருப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். எங்கள் இருவரையும் விட மூத்தவர், கணவர் இல்லாதவர். உருளையில் காய்ந்து ஒட்டிய பசையை, மெஷின் நின்றிருக்கும்போதே சுரண்டிவிடலாம் என்று கையை உள்ளே விட்டிருந்தார்.

கரண்ட் வந்தது. மற்ற மெஷின்களைக் கிளப்ப ஆள் இல்லை. ஒரே அமைதி. சூப்பர்வைசர், "ம், குரல் குடு" என்றார். இவர் வாயைத் திறந்தார்.

அந்த அமைதியில் க வரவில்லை.

கை எழும்பியது.

சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த அதே கை. குரலைக் கவனிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, கைதான் கணக்கு. அழுத்தினார்.

பசை அக்காவுக்கு இடது கையில் மூன்று விரல் போனது.

அன்று மத்தியானம் இவர் வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குப் போய் மிக்ஸியைத் தானே ஓட விட்டார். சொல்லி முடித்த பிறகும் அதை நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

கம்பெனி சொன்னது வேறு. குரல் கொடுக்கப்பட்டது, கை காட்டப்பட்டது, பசைத் தொட்டியில் இருந்தவர்தான் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். பசை அக்கா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே குரல் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்குக் காது சோதித்த தாளை எடுத்துக் காட்டினார்கள். அவருக்கும் காது குறைந்திருந்தது. குரல் கொடுத்தார்கள், உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்றார்கள். இனி பசை அக்கா சொன்னது எடுபட வேண்டுமானால் இவர் வந்து, நான் குரல் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் இவருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் பசை அக்காவின் கை அவருடைய கவனக்குறைவால் போனது என்று முடிந்துவிடும்.

உண்மையைச் சொல்வதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. அன்று இரண்டு பேரும் சேர்ந்து வேண்டிக்கொண்டோம். முடிந்ததும் அவர் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தார். எங்கள் இருவருக்கும் எழுத்து திருத்தமாக வராது என்பதால் மகள் எழுதினாள், அவர் கையெழுத்துப் போட்டார். ஒன்பது வரி. "நான் குரல் கொடுக்கவில்லை. சொல் சிக்கிக்கொண்டது. கை தானாக எழும்பியது" என்று அதில் இருந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது விபத்தை விசாரிக்கிற அரசாங்க அதிகாரியின் அலுவலகத்தில், "எழுதினது யாரோ, கையெழுத்து வேற யாரோ. அதெல்லாம் செல்லாது. ஆள் வந்து வாயால சொல்லணும்" என்றார்கள்.

வாயால். நான் மிக்ஸியைப் பையில் போட்டு எடுத்துப் போகலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பிரார்த்தனையில் சேர்ந்து சொல்வதுபோல இதையும் சேர்ந்து சொன்னால் என்ன? பக்கத்தில் ஒரு குரல் ஓடினால் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அந்தக் காது அம்மாவே சொன்னாரே. கடவுள்தான் காட்டிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். பத்து நாள், காலையும் மாலையும், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஒன்பது வரியையும் இருவரும் சேர்ந்து சொன்னோம். மூன்றாம் நாளிலிருந்து அவருக்கு ஒரு தடையும் இல்லை. நான் உதட்டை அசைத்தால் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. மகள் கதவருகே நின்று, "அப்பா செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொல்றீங்க" என்றாள். அவர் முகம் அப்போது இருந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, ஒரு மின்விசிறி. அதையும் யாரோ தாள் பறக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். அதிகாரி வயதானவர், கெட்டவரும் இல்லை. பக்கத்தில் எழுதுகிறவர். ஓரமாகச் சூப்பர்வைசரும் கம்பெனி மேனேஜரும். நான் அனுமதி கேட்டு இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க" என்றார் அதிகாரி.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு வரி ஓடியது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சத்தமாக.

அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். "நிறுத்துங்க. சாட்சி யாரு, நீங்களா அவரா?"

"அவர்தாங்கய்யா. கூடச் சொன்னாத்தான் அவருக்கு வரும்."

"மனப்பாடம் பண்ணிட்டு வந்து ரெண்டு பேரும் ஒப்பிக்கிறீங்க. ஒரே வார்த்தை, ஒரே மூச்சு. இதை நான் எப்படி எழுதிக்கிறது?"

"இல்லைங்கய்யா, அவருக்கு மூளையில..."

மேனேஜர், "கம்பெனியில அவர் குரல்தாங்க பெரிய குரல். யாரை வேணும்னாலும் கேளுங்க. ஒரு தடவை திக்கி யாரும் பார்த்ததில்ல. காது அடைப்பான் குடுத்தாக்கூட போட மாட்டார், பேச்சு கெட்டுடும்னு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. உள்ளே யாரும் பார்த்ததில்லைதான்.

என்னைப் பின்னால் போய்ச் சுவரோரம் உட்காரச் சொன்னார்கள். உதட்டை அசைக்கக் கூடாது என்றார்கள். சொன்ன இரண்டு வரியையும் அடித்துவிட்டார்கள். அதிகாரி இப்போது அவரிடம் கொஞ்சம் தணிந்த குரலில், "பயப்படாதீங்க. ஒரே கேள்விதான். நீங்க குரல் குடுத்துட்டுத்தானே கையைத் தூக்கினீங்க?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் சொல்ல வந்தது. அவர் பின்கழுத்தில் நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

கை எழும்பியது. தோளுக்கு மேல் போய் நின்றது. அதே கை, அதே மாதிரி. இதோ இதுதாங்கய்யா அன்றைக்கு நடந்தது, பாருங்கள் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எழுந்து நின்றேன். எழுதுகிறவர் என்னைப் பார்த்து உட்காருங்கள் என்று சைகை செய்தார். சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

"குடுத்தீங்களா? ஆமாவா, இல்லையா? எத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறது?"

காபி கேட்கப் போய் டீ கேட்கிற வாய் அது.

"ஆமா" என்றார்.

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். இவர் உடனே தலையை ஆட்டினார், மேசையைப் பிடித்துக்கொண்டார், மறுபடி வாயைத் திறந்தார். அதிகாரி தாளைத் திருப்பி, "கையெழுத்துப் போடுங்க" என்றார். அவர் போடவில்லை. போட மறுத்தார் என்று ஒரு வரி எழுதி, மற்றவர்கள் கையெழுத்து வாங்கி முடித்துவிட்டார்கள். நான் போய் அந்த அதிகாரியிடம் கெஞ்சினேன். "அம்மா, அவர் வேலையக் காப்பாத்திக்கிட்டார். நீங்க ஏன் கெடுக்கிறீங்க" என்றார் அவர், நல்லது சொல்வதாக நினைத்து.

வெளியே வந்து சாலையோரக் கடையில் நின்றோம். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான்தான், "ரெண்டு காபி" என்றேன். இவர் தம்ளரைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை. ஆறிப்போனதும் திருப்பி வைத்துவிட்டார்.

நான் மட்டும் குறுக்கே புகாமல் இருந்திருந்தால் அந்த அதிகாரி இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பாரோ, அவருக்குச் சந்தேகமே வந்திருக்காதோ என்று எனக்கு இன்றும் தோன்றும். அதற்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டோம். பதிவான வாக்குமூலமே செல்லும், பின்னால் வருவது யாருடைய வற்புறுத்தலோ என்று பதில் வந்தது.

அடுத்த மாதமே கம்பெனியில் புது ஹாரன் வைத்தார்கள். குரல் கொடுக்க ஆள் தேவையில்லை என்று இவரைக் கோடவுனுக்கு மாற்றினார்கள். அட்டைக் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிற இடம். அட்டை எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். பகல் முழுக்க அங்கே அவர் தனியாக இருந்தார். பிரார்த்தனைக் கூடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் எல்லோரும் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சேர்ந்து சொல்வது என்பதையே அவருக்கு நான் கெடுத்துவிட்டேன்.

நான் பசை அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, "நீ சொல்ற. நீ நல்லவதான். அவர் சொல்லட்டுமே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசை அக்காவே எங்கள் வீட்டுக்கு வந்தார். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

"தம்பி, நான் சண்டை போட வரல. எனக்கு இனிமே ஒண்ணும் ஆகப் போறதும் இல்ல. ஒரே ஒரு விஷயம்தான். பன்னிரண்டு வருஷமா உங்க குரலைக் கேட்டுத்தான் கையை எடுத்தேன். அன்னைக்கு என் காதுதான் கேட்கலையா? ராத்திரியெல்லாம் அதுதான் ஓடுது. நீங்க குடுத்து எனக்குக் கேட்கலையா, இல்ல நீங்க குடுக்கலையா?"

இவர் எதிரே நின்றார். வாயைத் திறந்தார். கை எழும்பியது.

நான் சமையலறைப் பக்கம் போகப் போனேன். "நீ இரும்மா" என்றார் பசை அக்கா. "மிக்ஸி போட்டா என் காதுக்குக் கேட்காது. அவர் சொல்லட்டும். நான் இருக்கேன்."

உண்மையாகவே இருந்தார். பசை அக்காவை மாதிரி யாரும் இவருக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல், வாயில் சொல் எடுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இவர் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் பக்கம் திரும்பி முயன்றார். இ என்கிற அந்த மூச்சு மட்டும் வந்து வந்து நின்றது. காகிதத்தில் எழுதிக் காட்டப் பேனாவை எடுத்தார். பசை அக்கா தலையை ஆட்டினார். "எழுத்து வேண்டாம் தம்பி. காகிதத்தை நிறையப் பார்த்துட்டேன்" என்றார்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பசை அக்கா எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. பரவாயில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் தெருவைக் கடந்து எதிர்ப்புறம் பஸ்ஸுக்காகப் போய் நின்றார். இவர் வாசல் வரைக்கும் போனார். நான் பின்னால் போனேன். அப்போது கம்பி ஏற்றிய லாரி ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, கம்பிகள் தரையில் உரச எங்கள் வாசலைக் கடந்தன. வீட்டுக் கதவு அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்குள் அவர் சொன்னார். "இல்லக்கா. நான் குரல் குடுக்கல. உங்க காது நல்லாத்தான் இருக்கு. கை தானா எழும்பிடுச்சுக்கா. குரல் குடுக்கல." ஒரு எழுத்து சிக்கவில்லை. பழைய கம்பெனிக் குரல், மணி மாதிரி. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

லாரிகள் போயின. எதிர்ப்புறம் பசை அக்கா நல்ல கையைக் காதருகே வைத்து, "என்ன தம்பி?" என்று கேட்டார்.

தெரு அமைதியாக இருந்தது. இவர் வாயைத் திறந்தார். கை எழும்பியது. அதைப் பார்த்துப் பஸ் ஒன்று எங்கள் வாசலுக்கு எதிரே வந்து நின்றது. பசை அக்கா அதில் ஏறிப் போனார்.